திருமண நாளுக்கு மூன்று நாள் மலைப்பயணம்: ஸ்டென்ட் வைத்தவர் போகலாமா?

வாசகிக்கு வயது 51, கணவருக்கு 56. அடுத்த மாதம் திருமணமாகி 25 வருடம் நிறைகிறது. மகன் பரிசாக ஒரு மலை விடுதியில் இரண்டு இரவு தங்க ஏற்பாடு செய்து பணமும் கட்டிவிட்டார். விடுதி இருப்பது கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில். விடியற்காலையில் அடிவாரத்தில் காரில் ஏறினால் சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிடலாம். கணவருக்குப் பத்து மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் 40 நிமிடம் நடக்கிறார், நெஞ்சு வலி எதுவும் இல்லை.

"இதய டாக்டரிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார், கேட்காமலே போய்வந்துவிடுவோம், மூன்றே நாள்தானே" என்பது கணவரின் கட்சி. "அப்பாவை மலைக்கே கூட்டிப்போகக் கூடாது" என்பது மகளின் கட்சி. மகன் நான்கு ஆக்சிஜன் கேன்களை வாங்கிக் கொடுத்து, பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார். வாசகி இதற்கு நடுவில் நின்றுகொண்டு, "எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிப் பயணத்தை நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறார். ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து இரவில் கணவரின் மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதி அடிக்கப்பட்டிருக்கிறது. அடித்த பிறகும் நன்றாகவே படிக்க முடிகிறது. அதற்கும் பதில் உண்டு.

அன்புள்ள சகோதரி,

உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். மூன்றிலும் பாதி சரி, பாதி தப்பு. ஸ்டென்ட் வைத்தவர் மலைக்கே போகக் கூடாது என்பது சரியல்ல. ஆக்சிஜன் கேன் இருந்தால் போதும் என்பதும் சரியல்ல. ஆனால் என்னை நிஜமாகவே கவலைப்பட வைத்தது உங்கள் கணவர் சொன்ன அந்த "மூன்றே நாள்தானே". குறுகிய பயணம் என்றால் ஆபத்தும் குறைவு என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். உயரமான இடங்களில் கணக்கு தலைகீழ். அங்கே ஒரு வாரம் நிதானமாக ஏறுகிறவரைவிட, ஒரே நாளில் ஏறி இரண்டு இரவு தங்கிவிட்டு இறங்குகிறவருக்குத்தான் தொந்தரவு அதிகம்.

மேலே போனால் என்ன ஆகிறது?

மலை மேல் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைந்துவிடும் என்று உங்கள் மகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சதவீதம் குறைவதில்லை. கடற்கரையிலும் மலை உச்சியிலும் காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன்தான். குறைவது காற்றின் அழுத்தம். நீங்கள் போகவிருக்கும் 3,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும், கீழே கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகிறது. பால் பெர் என்ற பிரெஞ்சு உடலியலாளர் 1870களிலேயே அழுத்தம் குறைக்கப்பட்ட அறைக்குள் தானே உட்கார்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார்.

உடம்பு இதைச் சமாளிக்கும். மூச்சு வேகமாகும், இதயத் துடிப்பு கூடும், ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறும். அப்புறம் சில நாட்களில் சிறுநீரகம் ரத்தத்தின் ரசாயனத்தைத் திருத்தி, ஆழமாக மூச்சு விடுவதை எளிதாக்கும். இதைத்தான் உடம்பு உயரத்துக்குப் பழகுவது என்கிறோம். இதற்கு நேரம் வேண்டும். தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமை, அசதி, தலைசுற்றல் என்று வரும் மலை நோய், போய்ச் சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்து முதல் இரவில் மோசமாகி, இரண்டு மூன்று நாளில் தணிவதுதான் வழக்கம். உங்கள் திட்டப்படி பார்த்தால், உடம்பு மலைக்குப் பழகி முடிக்கும்போது நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதுவரை அனுபவித்தது தலைவலியை மட்டும்தான்.

நான் முப்பது வயதில், இதயத்தில் ஒரு குறையும் இல்லாதபோது, இப்படித்தான் ஒரே நாளில் ஏறினேன். வந்த இரண்டு நாளில் ஒன்றரை நாள் போர்வைக்குள். ஜன்னலுக்கு வெளியே இருந்த பனிச்சிகரத்தைத் தலையைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். கூட வந்த பெரியவர், எனக்கு இருபது வயது மூத்தவர், காலை நடைக்குப் போய்விட்டு வந்து நலம் விசாரித்தார்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலை நோய் யாருக்கு வரும் என்பதை உடற்தகுதி தீர்மானிப்பதில்லை. உங்கள் கணவர் தினமும் நடப்பது அவருடைய இதயத்துக்கு மிக நல்லது, ஆனால் அது மலை நோய்க்குத் தடுப்பூசி அல்ல. அவர் சும்மா இருக்க, நீங்கள் படுத்துவிடவும் வாய்ப்பு உண்டு. கடிதம் முழுக்க அவருடைய மாத்திரைகளை மில்லிகிராம் கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி "எனக்கு வளைந்து வளைந்து போகும் சாலையில் வாந்தி வரும்" என்று ஒரே ஒரு வரி. உங்கள் பிரஷரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? புறப்படும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு மலை ஆகுமா?

மாரடைப்பும் ஸ்டென்ட்டும் முடிந்து குறைந்தது ஆறு மாதமாவது கழியட்டும் என்பதுதான் உயர்ந்த மலைப் பயணத்துக்கு இதய மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. உங்கள் கணவருக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. நெஞ்சு வலி இல்லை, 40 நிமிட நடையில் மூச்சு வாங்குவதில்லை, பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது என்றால், இதெல்லாம் நல்ல அறிகுறிகள். ஆகவே "அப்பா இனி மலையே பார்க்கக் கூடாது" என்று மகள் போடும் தடையை நான் ஆதரிக்க மாட்டேன்.

இன்னொரு விஷயம். சமீபத்தில் இருவரும் விமானத்தில் போய்வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது உங்கள் கணவரின் இதயம் ஏற்கெனவே சில மணி நேரம் ஒரு நடுத்தர மலையில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறது. உட்கார்ந்திருப்பதும் ஏறி நடப்பதும் ஒன்றல்ல என்பது வேறு விஷயம். ஆனாலும் மகளிடம் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இளகுவாள்.

மலையில் இதய நோயாளிக்குக் கவனம் தேவைப்படும் நேரம் முதல் நாள். ஆல்ப்ஸ் மலைகளில் நடந்த திடீர் இதய மரணங்களை ஆராய்ந்தவர்கள், வந்த முதல் நாளிலேயே, பழக்கமில்லாத ஏற்றத்தில் ஏறியவர்கள் நடுவே அவை அதிகம் என்று கண்டார்கள். அதற்கு முந்தைய இரவை ஓரளவு உயரத்தில் தூங்கிக் கழித்தவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. குளிரும் சேர்ந்துகொள்ளும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். அடிவாரத்து வெயிலிலிருந்து சாயங்காலம் காரை விட்டு இறங்கும்போது ஸ்வெட்டர் பெட்டியின் அடியில் இருக்கக் கூடாது, கையில் இருக்க வேண்டும்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

முதல் வழி, இப்போதைய திட்டத்திலேயே போவது. ஒரே நாளில் 2,800 மீட்டருக்கு மேல் ஏறித் தூங்குவதை, முன்பு மலை நோய் வராத ஆரோக்கியமான ஆளுக்கே நடுத்தர ஆபத்து என்றுதான் மலை மருத்துவம் வகைப்படுத்துகிறது. அதோடு பத்து மாத ஸ்டென்ட், பிரஷர், சர்க்கரை. வேண்டாம். கட்டிய பணத்துக்காகப் போவதும் வேண்டாம். விடுதியில் தேதியை மாற்றித் தருவார்களா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வழி, அதே விடுதி, ஆனால் நாட்களைக் கூட்டுவது. வழியில் 2,000 முதல் 2,500 மீட்டர் உயரத்தில் ஓர் ஊரில் இரண்டு இரவு தங்கி, சும்மா இருந்து, அப்புறம் மேலே போவது. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வதுதான் விதி. இதற்கு மொத்தம் ஆறு நாளாவது வேண்டும். கணவரின் மருத்துவர் சம்மதித்தால் இது நியாயமான வழி.

மூன்றாவது வழி, மூன்று நாளை வைத்துக்கொண்டு மலையை மாற்றுவது. 1,500 முதல் 2,200 மீட்டருக்குள் இருக்கும் ஒரு மலை ஊர். மேகம் உண்டு, குளிர் உண்டு, மரம் உண்டு, காலையில் பனிமூட்டம் உண்டு. 2,500 மீட்டருக்குக் கீழே மலை நோய் அரிது. நான் உங்கள் வீட்டுப் பெரியவராக இருந்தால் இதைத்தான் சொல்வேன். சொல்லக் காரணம், உங்கள் கணவரின் இதயம் மட்டுமல்ல. நீங்களும்தான்.

கொஞ்சம் விளக்குகிறேன். 2,500 மீட்டருக்கு மேல் தூங்கும்போது, முழு ஆரோக்கியமான ஆளுக்கும் மூச்சின் தாளம் மாறும். நான்கைந்து மூச்சு வேகமாக, ஆழமாக வரும். பிறகு ஐந்து பத்து விநாடி, சில சமயம் அதற்கும் மேலே, மூச்சே இல்லாமல் ஓர் இடைவெளி. பிறகு ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கும். 3,400 மீட்டரில் இது மிகச் சாதாரணம், இதயத்துக்கு ஆபத்தின் அடையாளமும் அல்ல. ஆனால் பத்து மாதமாக இருட்டில் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கும் ஒருவர், அந்தப் பத்து விநாடியை எப்படித் தாங்குவார்? பயத்தை இறக்கிவைக்கத்தானே இந்தப் பயணம்? உங்கள் பயத்துக்கு அதைவிட மோசமான படுக்கையறை கிடைக்காது.

மாரடைப்பு வந்தவரின் துணைக்கு இப்படித் தூக்கம் கெடுவது மிகவும் சகஜம். ஆனாலும் பத்து மாதம் என்பது நீளம். மருத்துவமனையில் எல்லோரும் நோயாளியைத்தான் பார்க்கிறோம், பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பார்க்க மறந்துவிடுகிறோம். இதில் எங்கள் தொழிலின் மீதும் தவறு உண்டு. அடுத்த முறை கணவரோடு போகும்போது, "டாக்டர், எனக்கும் ஐந்து நிமிடம் வேண்டும்" என்று கேளுங்கள். தூக்கமின்மை நீடித்தால் மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம்.

டாக்டரிடம் எதைக் கேட்பது

"கேட்டால் வேண்டாம் என்பார்" என்ற பயம் எங்கள் மேல் மக்களுக்கு இருக்கும் நியாயமான புகார்தான். ஆனால் கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும். "மலைக்குப் போகலாமா?" என்று கேட்டால், எவ்வளவு உயரம் என்றே தெரியாத மருத்துவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். "2,000 மீட்டரில் இரண்டு இரவு, முதல் நாள் ஓய்வு, மலையேற்றம் கிடையாது, போகலாமா?" என்று எண்களோடு கேட்டுப் பாருங்கள். டிரெட்மில் டெஸ்ட் எடுக்க வேண்டுமா, எக்கோவில் இதயம் சுருங்கும் திறன் எப்படி இருக்கிறது, அங்கே பிரஷர் ஏறினால் மாத்திரை அளவை மாற்றலாமா என்பவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலை நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை இருக்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கித் தருவோம். உங்கள் மகன் சொன்னபடி கடையில் வாங்கி நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். அது சிறுநீரை அதிகமாக்கும், ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஏற்கெனவே பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையோ, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரையோ சாப்பிடுகிறவருக்கு உடம்பில் நீர் வற்றிச் சிக்கலாகலாம். 2,000 மீட்டர் வழியைத் தேர்ந்தெடுத்தால் இந்த மாத்திரைக்கே வேலை இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மாரடைப்புக்குப் பிறகு முதல் வருடத்தில் பெரும்பாலும் இரண்டு வகை தருவார்கள். பயண அவசரத்தில் வேளைகள் தப்பிக்கொண்டே போனால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையும் ஆபத்து தலைதூக்கும். ஆகவே தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்து, பாதியை அவர் பையிலும் பாதியை உங்கள் பையிலும் வையுங்கள். கார் மேலே கட்டும் பெட்டியில் எதுவும் வேண்டாம். ஸ்டென்ட் வைத்த தேதி, டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஈ.சி.ஜி. மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு எடுத்தால் ஸ்டென்ட்டை மறைக்காதீர்கள். மறைத்து எடுத்த காப்பீடு, தேவைப்படும் நாளில் உதவாமல் போகலாம்.

அந்த ஆக்சிஜன் கேன்கள்

கேனின் மேல் எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும், பாருங்கள். பத்து லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். நான்கு கேனும் சேர்ந்து இருபது நிமிடம். மூச்சுத் திணறுகிறவருக்கு மணிக்கணக்கில் ஆக்சிஜன் தேவைப்படும். மருத்துவமனை ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தால் இந்தக் கேன் அதுவரைகூட வராது. மகனின் பாசத்தைக் குறை சொல்லவில்லை. அதை நம்பி உயரத்தைக் கூட்டாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் ஆக்சிமீட்டரை வேண்டுமானால் எடுத்துப் போங்கள். ஆனால் 3,400 மீட்டரில் ஆரோக்கியமானவருக்கே முதல் நாள் 85 முதல் 90 வரை காட்டும். கீழே அந்த எண்ணைப் பார்த்தால் ஓட வேண்டும், மேலே அது சாதாரணம். விரல் சில்லென்று இருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அளவு தவறும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

எதைக் கண்டால் இறங்க வேண்டும்

எந்த உயரமாக இருந்தாலும், நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் அது மலையின் வேலை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். உடனே மருத்துவமனை. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். காரணமில்லாத மூச்சுத் திணறலும் திடீர் அசதியும்கூட அடையாளம்தான்.

இரண்டாவது வழியில் உயரே போகிறவர்கள் வேறு இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், இளஞ்சிவப்பு நுரை கலந்த சளி வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இது பெரும்பாலும் இரண்டாம் இரவில் தலைகாட்டும். இன்னொன்று, குடித்தவர் போலத் தள்ளாடுவதும் பேச்சில் குழப்பமும். தரையில் ஒரு கோடு கற்பனை செய்து, அதன் மேல் ஓர் அடியின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் மூளை வீங்க ஆரம்பித்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், உடனே இறங்குவது. குறைந்தது 300 மீட்டர், முடிந்தால் 1,000. காலை வரை பார்ப்போம் என்ற பேச்சு கூடாது.

அறைக்குள் இருக்கும் ஆபத்து

நீங்கள் கேட்காத ஒன்று. மலை விடுதிகளில் நான் உயரத்தைவிட அதிகம் பயப்படுவது கணப்புச் சட்டிக்குத்தான். குளிருக்கு அறைக்குள் கரி நெருப்பை வைத்துக்கொண்டு, ஜன்னலை இறுக்கச் சாத்திவிட்டுத் தூங்குவது. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஜோடியாகத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வருவது பல சமயம் இதனால்தான். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் இருக்கும் கேஸ் ஹீட்டரும் இதே வேலையைச் செய்யும்.

இதன் அறிகுறியும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல். மலை நோய் என்றே நினைத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். எப்படிப் பிரித்தறிவது? அறையில் இருக்கும் இருவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே போனதும் தெளிந்தால், முதலில் இதைச் சந்தேகியுங்கள். கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள், பிறகு யோசிக்கலாம். ஆக்சிமீட்டரும் இதில் ஏமாற்றும், ஆள் மயங்கும் நிலையில் இருந்தாலும் நல்ல எண்ணைக் காட்டும். விடுதிக்குப் போன் செய்து, அறையைச் சூடாக்க என்ன வைத்திருக்கிறார்கள் என்று இப்போதே கேளுங்கள். மின்சார ஹீட்டர் என்றால் சரி. கரி என்றால் வேறு விடுதி.

குளிருக்கு இதமாக இருக்கும் என்று மதுவை நினைக்கிறவர்கள் உண்டு. உங்கள் கணவர் நண்பர்களோடு எப்போதாவது என்று எழுதியிருக்கிறீர்கள். மது தோலில் ரத்த ஓட்டத்தைக் கூட்டிச் சூடாக உணர வைக்கும், உண்மையில் உடம்புச் சூட்டை வெளியே விடும். தூக்கத்தில் மூச்சையும் மந்தமாக்கும். முதல் இரண்டு இரவு வேண்டாம். உங்கள் பயணமே இரண்டு இரவு என்பதால் மொத்தமாகவே வேண்டாம். தூக்க மாத்திரைக்கும் இதே பதில், அது உங்களுக்கு.

வளைவுச் சாலை வாந்திக்கு, முன் சீட்டில் உட்காருங்கள், தூரத்தில் ஓர் இடத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும்.

நீங்கள் அடித்துவிட்ட வரி

இருபத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் திருமண நாளில் நெருக்கமாக இருக்கலாமா என்று கேட்பதில் அடிப்பதற்கு என்ன இருக்கிறது? கேட்காமல் பயந்தே விலகி இருக்கும் தம்பதிகளை நான் நிறையப் பார்க்கிறேன். ஸ்டென்ட் வைத்தவர் இரண்டு மாடிப் படிகளைச் சாதாரண வேகத்தில், நெஞ்சு வலியோ அதிக மூச்சிரைப்போ இல்லாமல் ஏற முடிந்தால், தாம்பத்திய உறவு பெரும்பாலும் பாதுகாப்பானதுதான். உங்கள் கணவர் 40 நிமிடம் நடக்கிறவர். பத்து மாதம் காத்திருந்தது தேவைக்கு அதிகம். போய்ச் சேர்ந்த அன்றைய பயணக் களைப்பில் மட்டும் வேண்டாம், அடுத்த நாள் இருக்கிறது.

ஒரே ஓர் எச்சரிக்கை, இதைக் கணவரிடம் தனியாகச் சொல்லுங்கள். விறைப்புக்காக விற்கும் சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற மாத்திரைகளை யாரிடமும் கேட்காமல் வாங்கிப் போடக் கூடாது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை அவரிடம் இருக்கும் அல்லவா? இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், டடாலாஃபில் போட்டு 48 மணி நேரம் வரை நைட்ரேட் கூடாது. ஒருவேளை போட்டுவிட்டார், அப்போது நெஞ்சு வலி வந்தது என்றால், ஆம்புலன்ஸில் வருபவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

இனி உங்கள் முழங்கால். பொய்யாக அதைச் சொல்லி நிறுத்தினால், தன்னால் மனைவிக்கு ஓர் ஆசை போயிற்று என்ற எண்ணம் அவருக்கு வராது, உங்களுக்கு முழங்கால் வைத்தியம் ஆரம்பிக்கும். மகன் உடனே எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போவார். "எனக்குப் பயமாக இருக்கிறது, ராத்திரி தூக்கம் வருவதில்லை, உயரம் குறைந்த மலைக்குப் போவோமா?" என்று அவரிடம் நேராகக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பயம் அவருக்கு இதுவரை தெரியவே தெரியாது என்று நினைக்கிறேன். கடிதத்தில் எங்குமே அவரிடம் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை.

நிஜமாகவே முழங்கால் வலித்தால், மலை ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் பெரும்பாலும் அதிகம் வலிக்கும். அப்படி இருந்தால் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள்.